நாளைக்கு ஒரு மணி நேரம்: தபால்காரர்கள் தட்டச்சு கற்ற கதை

பிரிட்டனில் அஞ்சல் குறியீடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1959ல் நாரிச் நகரத்தில் சோதனையாக ஆரம்பித்தது, நாடு முழுக்கப் பரவி முடிய 1974 ஆகிவிட்டது. (நம்ம ஊர் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15ல்.) குறியீடு வந்ததோடு வேலை முடியவில்லை. கடிதத்தின் மேல் எழுதியிருக்கும் குறியீட்டை ஒருவர் பார்த்து விசைப்பலகையில் தட்டினால்தான் இயந்திரம் அதைப் பிரிக்கும். அதுவரை கடிதத்தைக் கையில் எடுத்து, முகவரியைப் படித்து, அந்தந்தக் கட்டத்தில் போட்டுப் பழகியவர்கள் இனிமேல் தட்டச்சு செய்யணும். இவங்க பள்ளிப் பிள்ளைகள் இல்லை. வேலையில் இருக்கிற, குடும்பம் குட்டி உள்ள பெரிய ஆட்கள்.

இவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தபால் துறைக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, வழக்கமான வேலையிலிருந்து மொத்தமாக விடுவித்து, நாள் முழுக்கத் தட்டச்சு மட்டும் பழக வைத்து, சீக்கிரம் முடித்து அனுப்புவது. இன்னொன்று, வேலை பாட்டுக்கு வேலை நடக்கட்டும், தினமும் கொஞ்ச நேரம் மட்டும் பயிற்சி என்று விடுவது. நிர்வாகத்துக்கு இது பணக் கேள்வியும்கூட. பயிற்சியில் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கும் சம்பளம் போய்க்கொண்டுதானே இருக்கும்.

இந்தக் கேள்வி கேம்பிரிட்ஜில் இருந்த உளவியல் ஆய்வுப் பிரிவு ஒன்றுக்குப் போனது. அங்கே இருந்தவர் ஆலன் பேட்லி. நினைவாற்றல் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்குக்கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அவரும் லாங்மேன் என்பவரும் சேர்ந்து செய்த ஆய்வு 1978ல் வெளியானது. பெரியவர்கள் கற்பதைப் பற்றி நான் படித்ததில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஆய்வு இதுதான். அதன் முடிவை எல்லாரும் சொல்வார்கள். முடிவுக்குக் கீழே இருக்கிற இன்னொரு சங்கதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தப் பதிவு அந்தச் சங்கதிக்காக.

நாலு குழு

ஆய்வு எளிமையானது. தபால்காரர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குத் தினமும் ஒரே ஒரு மணி நேரம். இரண்டாவது குழுவுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி தினமும் இரண்டு முறை. மூன்றாவது குழுவுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி ஒரு முறை. நாலாவது குழுவுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி இரண்டு முறை, அதாவது தினமும் 4 மணி நேரம். எல்லாருக்கும் சாதாரண தட்டச்சு விசைப்பலகை. தட்ட வேண்டியது எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகள்.

இப்போது எண்களைப் பார்ப்போம். விசைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கற்று முடிக்க, ஒரு மணி நேரக் குழுவுக்குச் சராசரியாகச் சுமார் 35 மணி நேரம் ஆனது. நாலு மணி நேரக் குழுவுக்கு அதே வேலைக்குச் சுமார் 50 மணி நேரம். அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 80 விசை என்ற இடத்தை அடைய ஒரு மணி நேரக் குழுவுக்கு 55 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நாலு மணி நேரக் குழுவுக்கு 80 மணி நேரம் தேவைப்பட்டது. ஐந்து விசைக்கு ஒரு சொல் என்று கணக்குப் போட்டால் 80 விசை என்பது நிமிடத்துக்கு 16 சொல்தான். ஆனால் இது சொல் இல்லை, குறியீடு. அடுத்த எழுத்து என்ன வரும் என்று ஊகிக்கவே முடியாது.

மற்ற இரண்டு குழுக்களும் நடுவில் வந்தன. பயிற்சி முடிந்து ஒரு மாதம், மூன்று மாதம், ஒன்பது மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது வேகம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. அப்போதும் கடைசியில் நின்றது நாலு மணி நேரக் குழுதான்.

ஆக, ஒரே திறமை, ஒரே விசைப்பலகை. நேரத்தைத் தூவி விட்டவர்களுக்கு 55 மணி, கொட்டித் தீர்த்தவர்களுக்கு 80 மணி. ஆளுக்கு 25 மணி நேரம் மிச்சம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எந்த நிர்வாகிக்கும் இனிக்கிற எண்.

யாருக்குத் திருப்தி?

இங்கேதான் நான் சொன்ன சங்கதி வருகிறது. உங்களுக்கு இந்தப் பயிற்சி முறை பிடித்திருக்கிறதா என்று தபால்காரர்களிடமே கேட்டார்கள். இருப்பதிலேயே குறைந்த திருப்தி யாருக்கு? நன்றாகக் கற்றுக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரக் குழுவுக்கு! நேரத்தை அதிகம் வீணாக்கிய நாலு மணி நேரக் குழுவோ தங்கள் முறையைப் பற்றிச் சந்தோஷமாக இருந்தது.

முதல் தடவை படிக்கும்போது வினோதமாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். 20வது நாள் முடிவுக்கு வருவோம். நாலு மணி நேரக் குழுவில் இருப்பவர் அதுவரை 80 மணி நேரம் போட்டிருப்பார், நிமிடத்துக்கு 80 விசை தட்டிக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரக் குழுவில் இருப்பவருக்கு அன்றைக்கு 20 மணி நேரம்தான் முடிந்திருக்கும். அவருக்கு இன்னும் விசைகளே முழுசாகப் பிடிபட்டிருக்காது. இருவரும் ஒரே நாளில் ஆரம்பித்தவர்கள். தட்டித் தடுமாறுகிற இவர், படபடவென்று தட்டுகிற அவரைப் பார்த்து என்ன நினைப்பார்? "நமக்கு வராதுப்பா" என்றுதான் நினைப்பார்.

உண்மையில், போட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவருக்குத்தான் அதிகம் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது அவர் கண்ணில் படாது. மனிதர்கள் கற்றலை மணிக்கணக்கில் பார்ப்பதில்லை, நாள் கணக்கில் பார்க்கிறார்கள். "சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு" என்று சொல்வோமே தவிர, "சேர்ந்து 20 மணி நேரம் ஆச்சு" என்று யாரும் சொல்வதில்லை.

இதில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அந்தத் தபால்காரர்கள் தபால் துறை வேலையில் இருந்தவர்கள். பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்து முடித்தார்கள். சொந்தப் பணம் கட்டி, சொந்த நேரத்தில், ஆபீஸ் விட்டு வந்து ஒன்றைக் கற்றுக்கொள்கிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர் பாதியில் விட்டுவிடுவார். கற்றல் சரியாக நடந்துகொண்டிருக்கிற அந்த நேரத்திலேயே, நடக்கவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். "வயசாயிடுச்சு, இனிமே மண்டையில ஏறாது" என்று ஒரு காரணத்தையும் வைத்துக்கொள்வார். வயதுக்கும் கற்கும் வேகத்துக்கும் தொடர்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வயதின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கணக்கைச் சரியாகப் போட்டோமா என்று பார்க்கணும், அவ்வளவுதான்.

ஏன் இப்படி?

தூவிப் படித்தால் நன்றாக நிற்கும் என்பது தட்டச்சுக்கு மட்டும் உரியதும் இல்லை, புதிதும் இல்லை. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இது இருக்கிறது. அவர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துப் பார்த்தவர். ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொல்லிக் கிடைத்த பலனை, மூன்று நாளாகப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே எட்டிவிட்டதாக அவர் குறித்திருக்கிறார். கிட்டத்தட்டப் பாதி.

காரணமாகப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்குப் புரிந்த அளவில் மூன்று.

முதலாவது, களைப்பு. நாலாவது மணி நேரத்தில் விரல் தட்டிக்கொண்டிருக்கும், கவனம் வேறெங்கோ இருக்கும். அந்த நேரமும் பயிற்சிக் கணக்கில் ஏறுகிறது, மூளையில் ஏறுவதில்லை.

இரண்டாவது, தூக்கம். பகலில் பழகியது தூக்கத்தின்போது மூளையில் உறுதிப்படுகிறது. 55 நாள் படிப்பவருக்கு நடுவில் 54 இரவு கிடைக்கிறது. 20 நாளில் முடிப்பவருக்கு 19தான்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது: மறதி. ஒரு நாள் இடைவெளி விட்டு வந்தால் கொஞ்சம் மறந்திருக்கும். 'கே' விசை எங்கே என்று ஒரு நொடி தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடல்தான் வேலை செய்கிறது. நினைவிலிருந்து சிரமப்பட்டு ஒன்றை எடுக்கும்போது அது இன்னும் ஆழமாகப் பதிகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் தட்டியதையே மறுபடி தட்டினால் தேடவே வேண்டாம். சுலபமாக வரும், ஆனால் புதிதாக ஒன்றும் பதியாது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியோர்க் இந்த மாதிரிச் சிரமங்களை 'விரும்பத்தக்க சிரமங்கள்' என்று அழைத்தார். கற்கும்போது தடங்கல் மாதிரித் தெரியும், பிறகு பார்த்தால் அதுதான் உதவியிருக்கும்.

சுலபமாக இருந்தால் கற்றுவிட்டோமா?

இதே வினோதம் வேறு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. 2006ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நாலு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தடவை படித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆனால் "ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுதான்.

மாணவர்களுக்குச் சரி, வேலையில் இருப்பவர்களுக்கு? அதே 2006ல் டொராண்டோவில் 38 இளநிலை அறுவை மருத்துவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. நுண்ணிய ரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கிற பயிற்சி. எல்லாருக்கும் அதே நாலு வகுப்பு. ஒரு பாதிக்கு நாலும் ஒரே நாளில், இன்னொரு பாதிக்கு வாரத்துக்கு ஒன்றாக நாலு வாரம். ஒரு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தபோது, வாரம் ஒன்றாகக் கற்றவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். வகுப்பு அதே வகுப்பு, நேரம் அதே நேரம். காலண்டரில் எங்கே வைத்தோம் என்பது மட்டும்தான் வேறு.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கிற பாடம் ஒன்றுதான்: கற்கிறபோது வருகிற உணர்வு, கற்றதற்குச் சாட்சி ஆகாது. சரளமாகப் போகிறது, புரிகிறது, நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தைப் பற்றிய செய்தி. அடுத்த மாதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சில நேரம் பொய்யும் சொல்லும்.

ஆபீஸ் பயிற்சியும் ஃபீட்பேக் ஃபார்மும்

இப்போது நம்ம அலுவலகங்களில் நடக்கிற பயிற்சிகளைப் பார்ப்போம். ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம், நடுவில் டீ, பிஸ்கட், பஃபே சாப்பாடு, மதியம் தூக்கத்தை விரட்ட ஒரு விளையாட்டு. தலைப்பு தலைமைப் பண்பாக இருக்கலாம், எக்செல்லாக இருக்கலாம், வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி என்பதாக இருக்கலாம். இரண்டாம் நாள் மாலை, எல்லாரும் பையை எடுத்துக் கிளம்பத் தயாராக இருக்கும்போது ஒரு தாள் வரும். பயிற்சியாளர் எப்படி? இடம் எப்படி? ஒட்டுமொத்தமாக ஐந்துக்கு எத்தனை? நாலு, ஐந்து என்று டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த எண்ணை வைத்துத்தான் பயிற்சி வெற்றியா தோல்வியா என்று எச்.ஆர். முடிவு செய்கிறது. அடுத்த வருடம் அதே பயிற்சியாளரைக் கூப்பிடலாமா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

பயிற்சியை எப்படி மதிப்பிடுவது என்று முதலில் ஒழுங்காக எழுதியவர்களில் ஒருவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கர்க்பாட்ரிக். 1959ல் ஆரம்பித்து அவர் எழுதிய கட்டுரைகளில் நாலு படிகள் சொன்னார். ஒன்று, கலந்துகொண்டவர்களுக்குப் பிடித்ததா? இரண்டு, எதையாவது கற்றார்களா? மூன்று, வேலையில் அவர்கள் செய்வது மாறியதா? நாலு, அதனால் நிறுவனத்துக்கு ஏதாவது பலன் வந்ததா? இன்றைக்கும் பயிற்சித் துறையில் இருப்பவர்கள் இந்த நாலையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நடைமுறையிலோ முதல் படியைத் தாண்டுவது அபூர்வம். காரணம் எளிது: முதல் படிக்கு ஒரு தாள் போதும். மூன்றாவது படிக்கு இரண்டு மாதம் கழித்து ஒருவர் போய்ப் பார்க்கணும்.

சரி, முதல் படியில் நல்ல மார்க் வந்தால் இரண்டாவது படியிலும் வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா? 1997ல் ஜார்ஜ் ஆலிகரும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். "பயிற்சி பிடித்திருந்தது" என்ற பதிலுக்கும் எவ்வளவு கற்றார்கள் என்பதற்கும் இருந்த தொடர்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். "இது என் வேலைக்குப் பயன்படும்" என்ற பதிலுக்குக் கொஞ்சம் தொடர்பு இருந்தது. அதுவும் பெரிதாக இல்லை.

தபால்காரர்களை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அந்த நாலு குழுவுக்கும் ஃபீட்பேக் ஃபார்ம் மட்டும் கொடுத்து, அதை வைத்து முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு மணி நேர முறைதான் ஜெயித்திருக்கும். ஆளுக்கு 25 மணி நேரம் கூடுதலாகச் செலவழித்து, கடைசியில் கையில் நிற்பதும் குறைவாக, எல்லாரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள்.

இதில் பயிற்சியாளர்களைக் குறை சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. மதியம் திடீரென்று புத்தகத்தை மூடச் சொல்லி, "காலையில் பார்த்ததை எழுதுங்கள்" என்று கேட்கிற பயிற்சியாளருக்கு ஐந்துக்கு மூன்றுதான் வரும். ஜோக் சொல்லி, ஸ்லைடு காட்டி, இதமாக முடிக்கிறவருக்கு ஐந்து வரும். எதற்குச் சம்பளமோ அதைத்தானே செய்வார்கள்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் நினைவுக்கு வந்தன. தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில்கூட, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒன்று இருக்கும். தெருவில் போனாலே சத்தம் கேட்கும். அங்கே முறை என்ன? ஆளுக்கு ஒரு பேட்ச், பேட்சுக்கு ஒரு மணி நேரம், தினமும். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று ஆரம்பித்து மாதக்கணக்கில் போவார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு நடத்தும். ஆங்கிலம் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. குரூப் 4ல் தட்டச்சர் வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு இந்தச் சான்றிதழ் வேணும்.

பேட்லியின் ஆய்வில் ஜெயித்த அதே முறை: தினமும் ஒரு மணி நேரம், அதே தட்டச்சு. அந்த ஆய்வைப் படித்துவிட்டு இப்படி அமைத்ததாக நான் நினைக்கவில்லை. என் ஊகம், மெஷின் கணக்குதான் காரணம். பத்து மெஷின் இருந்தால் ஒரு மணிக்குப் பத்துப் பேர். காலையிலிருந்து ராத்திரி வரை பேட்ச் ஓட்டினால் நூறு பேருக்கு மேல். ஒருவரையே நாலு மணி நேரம் உட்கார வைத்தால் வாடகைக்குக் கட்டுப்படியாகாது. காரணம் எதுவாக இருந்தாலும் முறை சரியாக அமைந்துவிட்டது.

இன்னொன்றும் அங்கே தானாக அமைந்திருக்கிறது. பக்கத்து மெஷினில் இருப்பவரும் அதே ஒரு மணி நேரம்தான் வருகிறார். "மூணு மாசமா போறேன், இன்னும் லோயர் பாடம்தான்" என்று யாரும் வெட்கப்படுவதில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். தபால்காரர்களை வாட்டிய ஒப்பீடு இங்கே இல்லை. தூவிப் படிக்கிற முறை நிலைக்க வேணுமென்றால், கூடப் படிக்கிறவர்களும் அதே வேகத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு இதிலிருந்துதான் தோன்றியது.

எப்போது இது பொருந்தாது?

எல்லாவற்றையும் தூவித்தான் கற்கணும் என்று சொன்னால் அது இன்னொரு மூடநம்பிக்கை ஆகிவிடும். 55 மணி நேரம் என்பது குறைவுதான். ஆனால் வாரத்துக்கு 5 நாள் என்று வைத்தால் 11 வாரம். 80 மணி நேரம் அதிகம்தான். ஆனால் 4 வாரத்தில் முடிந்துவிடும். அடுத்த மாதம் இயந்திரம் ஓடியாகணும் என்றால் நாலு மணி நேர முறைதான் சரி. கூடுதல் மணி நேரங்கள் அவசரத்துக்குக் கொடுக்கிற விலை. தெரிந்தே கொடுத்தால் தப்பில்லை. இதுதான் சிறந்த முறை என்று நம்பிக் கொடுப்பதுதான் பிரச்சினை.

எவ்வளவு இடைவெளி என்பதும், எவ்வளவு நாள் நினைவிருக்கணும் என்பதைப் பொறுத்தது. 2008ல் செபெடாவும் சகாக்களும் 1,300 பேருக்கு மேல் வைத்துப் பொது அறிவுத் தகவல்களைச் சோதித்தார்கள். ஒரு வாரம் நினைவிருந்தால் போதும் என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. 350 நாள் நிற்கணும் என்றால் சுமார் மூன்று வாரம் விட்டு மறுபடி படிப்பது நன்றாக இருந்தது. இது தகவல்களுக்கான கணக்கு. கைத்தொழிலுக்கு அப்படியே பொருத்த முடியாது. போக்கு மட்டும் தெளிவு: நீண்ட நாள் வேணுமென்றால் நீண்ட இடைவெளி.

செய்து பார்க்க

தனியாகக் கற்கிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது, ஒரு சின்ன நோட்டு. தேதி எழுதுவதோடு நிற்காமல், இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். கர்நாடக சங்கீதமோ, ஹிந்தியோ, கார் ஓட்டுவதோ, புதுக் கணினி மொழியோ, எதுவானாலும் சரி. இரண்டாவது, ஆரம்பித்த முதல் வாரத்தில் ஒரு சின்னச் சோதனையை நிர்ணயித்துக்கொண்டு, அதையே மாதத்துக்கு ஒரு தடவை செய்து பாருங்கள். ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம், எத்தனை தப்பு என்கிற மாதிரி. 'வருது, வரல' என்ற உணர்வை விட அந்த எண் நம்பகமானது. மூன்றாவது, ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், போன தடவை பார்த்ததை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல்தான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

அலுவலகத்தில் பயிற்சிக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு: 16 மணி நேரப் பயிற்சியை இரண்டு நாளில் முடிக்காமல், வாரம் இரண்டு மணி நேரமாக 8 வாரம் வைத்துப் பாருங்கள். ஓட்டல் செலவும் மிச்சம். வெளியூர்க் கிளைகளிலிருந்து ஆட்கள் வர வேண்டியிருந்தால் இது நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்போதும்கூட, ஒரு மாதம் கழித்து அரை மணி நேரம் ஒதுக்கி, கற்றதில் நாலு கேள்வி கேட்கலாம். ஃபீட்பேக் ஃபார்மில் "எப்படி இருந்தது?" என்பதோடு, "அடுத்த வாரம் எந்த வேலையில் இதைப் பயன்படுத்தப்போகிறீர்கள்?" என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரியை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து மேலாளர் கேட்டால், கர்க்பாட்ரிக்கின் மூன்றாவது படியில் கால் வைத்தாச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, முறையை மாற்றும்போது ஆட்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்: இது மெதுவாகப் போகிற மாதிரித்தான் தெரியும், மணிக்கணக்கில் பாருங்கள் என்று. அந்த ஒரு மணி நேரக் குழுவிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு அவ்வளவு மனக்குறை இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த தடவை யாராவது உங்களிடம், "ஒரு மாசமா தினமும் போறேன், ஒண்ணும் ஏறவே மாட்டேங்குது" என்று சொன்னால், ஆறுதல் சொல்வதற்கு முன் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேளுங்கள். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். அந்த நாலு குழுவிலும் நன்றாகக் கற்ற தபால்காரர்களுக்கே விசைகள் எங்கே இருக்கின்றன என்று பிடிபட 35 மணி நேரம் ஆனது.